யாருடைய வேகத்தில் படிப்பது? பாஸ்டன் நகரத்துக் கதை

ஒரே தெருவில் இரண்டு குழந்தைகள். ஒன்று பத்து மாதத்தில் நடக்கிறது, இன்னொன்று பதினைந்து மாதத்தில்தான் எழுந்து நிற்கிறது. இரண்டாவது குழந்தைக்கு யாரும் அரியர் வைத்ததாகச் சொல்வதில்லை. ஐந்து மாதம் பின்தங்கிவிட்டது என்று மார்க் ஷீட்டும் தருவதில்லை. நாலு வயதுக்குள் இரண்டும் தெருவில் ஒன்றாக ஓடிப் பிடித்து விளையாடுகின்றன, எது முதலில் நடந்தது என்பதை அம்மாக்களே மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்ததும் கதை மாறிவிடுகிறது. ஆறு வயதா, ஒன்றாம் வகுப்பு. ஏழு வயதா, இரண்டாம் வகுப்பு. ஒரே நாளில் ஒரே பாடம், ஒரே நாளில் பரீட்சை. முந்திப் போனவன் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், பிந்தியவன் 'ஃபெயில்'. உலகம் தோன்றிய நாளிலிருந்தே பள்ளிக்கூடம் இப்படித்தான் இருந்தது என்று நாமெல்லாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தேதியும் ஒரு விலாசமும் உண்டு. 1847, டைலர் தெரு, பாஸ்டன் நகரம், மாசசூசெட்ஸ் மாநிலம்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது? அமெரிக்கக் கிராமங்களில் இருந்தது ஓரறைப் பள்ளிக்கூடம். நாலு வயதுப் பொடியனும் பதினேழு வயது வாலிபனும் ஒரே அறையில் இருப்பார்கள். வீட்டில் என்ன புத்தகம் இருக்கிறதோ அதைத்தான் பிள்ளை கொண்டு வரும், எனவே பத்துப் பேரிடம் பத்துவித புத்தகம் இருக்கும். ஆசிரியர் ஒருவரையோ இரண்டு மூன்று பேரையோ கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்வார். ஒப்பித்தால் அடுத்த பாடம், ஒப்பிக்காவிட்டால் அதே பாடம். அறுவடைக் காலத்தில் பெரிய பையன்கள் வரமாட்டார்கள், குளிர்காலத்தில் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 'நீ எந்த வகுப்பு?' என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குக் கேள்வியே புரிந்திருக்காது. இதைப் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரம்படி தாராளம், அர்த்தம் புரியாத மனப்பாடம் அதைவிடத் தாராளம். ஆனால் வேகம் மட்டும் அவரவர் வேகம்தான்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் ஏறக்குறைய இதே கதைதான். புதிதாக வந்தவன் மணலில் விரலால் எழுதுவான், கொஞ்சம் தேறியவன் ஓலைக்குப் போவான். சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். இதைப் பார்த்து அசந்து போனவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பையன்களுக்கான விடுதியை ஏற்று நடத்தியவர் அவர். மணலில் எழுதுவதையும், பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் அங்கே நடைமுறைப்படுத்தி, ஊர் திரும்பியபின் 1797-ல் லண்டனில் அதைப்பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதேபோல ஒன்றை நடத்த, யார் முதலில் என்று இரண்டு கோஷ்டிகளும் வருஷக்கணக்கில் அடித்துக் கொண்டன. (திண்ணைக்காரர்களை யாரும் கேட்கவில்லை.) லங்காஸ்டர் முறை 1806-ல் நியூயார்க்குக்குப் போனது, பிறகு பாஸ்டனிலும் எட்டிப் பார்த்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்த முறைதான் அது. ஆனாலும் அதில்கூட கணக்கில் தேறியவன் மேல் வரிசைக்குப் போகலாம், வாசிப்பில் தேறாதவன் கீழ் வரிசையிலேயே இருக்கலாம். வயது ஒரு பொருட்டே இல்லை.

சரி, பாஸ்டனுக்கு வருவோம். மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலாளராக 1837-லிருந்து 1848 வரை இருந்தவர் ஹோரஸ் மன். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் தந்தை என்று இன்றும் சொல்லப்படுபவர். அவர் 1843-ல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். பிரஷ்யாவில் பிள்ளைகளைத் தரம் பிரித்துத் தனித்தனி அறையில் வைத்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஆசிரியரைப் போட்டுப் பாடம் நடத்துவதைப் பார்த்து மனம் பறிகொடுத்துத் திரும்பினார். அவர் எழுதிய அறிக்கை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அடுத்த சில வருஷத்தில் டைலர் தெருவில் குவின்ஸி பள்ளி கட்டப்பட்டது. தலைமை ஆசிரியர் ஜான் ஃபில்ப்ரிக். பன்னிரண்டு வகுப்பறைகள், அறைக்கு ஒரு ஆசிரியர், சுமார் 55 மேசைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இருக்கை. பிள்ளைகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். வருஷம் முடிந்தால் அந்த அறையிலிருந்து அடுத்த அறைக்கு. கொஞ்ச காலத்தில் நாட்டின் நகரங்கள் எல்லாம் இதையே காப்பியடித்தன.

ஏன் காப்பியடித்தன? காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஒரே வரியில் புரிந்துவிடும். ஓரறைப் பள்ளிக்கூடம் ஜாப் காஸ்டிங் மாதிரி. ஒவ்வொரு பிள்ளையும் தனி ஆர்டர், தனிக் கணக்கு. குவின்ஸி பள்ளி பேட்ச் காஸ்டிங். ஐம்பத்தைந்து உருப்படிக்கு ஒரு தடவை மெஷினை செட் செய்தால் போதும், ஓர் உருப்படிக்கு ஆகும் செலவு தானாக இறங்கிவிடும். அப்போது பாஸ்டன் துறைமுகத்தில் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிக் கொண்டிருந்தார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் குறைந்த செலவில் எழுத்தறிவிக்க வேண்டுமென்றால் வேறு வழி சுலபமில்லை. ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகப் பள்ளிக்கூடம் கிடைத்ததே, அது சின்ன விஷயமல்ல. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை வில்லன்களாக்குவது நியாயமில்லை. ஆனால் ஒரு உண்மையை மட்டும் குறித்துக் கொள்ள வேண்டும். வயதுக்கு ஒரு வகுப்பு என்பது குழந்தையின் மூளையை ஆராய்ந்து கண்டுபிடித்ததல்ல, நிர்வாகத்துக்குச் செய்துகொண்ட வசதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஹோரஸ் மன்னும் அவர் மனைவி மேரி பீபாடியும் தங்கள் மூத்த மகனுக்கு வீட்டிலேயேதான் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஊருக்கு உபதேசம்!

1852-ல் மாசசூசெட்ஸ் இன்னொரு 'முதல்' செய்தது. அமெரிக்க மாநிலங்களிலேயே முதன்முதலாகக் கட்டாய வருகைச் சட்டம் கொண்டு வந்தது. 8 முதல் 14 வயதுப் பிள்ளை வருஷத்துக்கு 12 வாரம் பள்ளிக்குப் போக வேண்டும், அதில் 6 வாரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், மீறினால் பெற்றோருக்கு 20 டாலர் வரை அபராதம். வருஷத்துக்கு வெறும் பன்னிரண்டே வாரம் என்று பெருமூச்சு விடுபவர்கள் விடலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் கடைசியில் இருந்த விதிவிலக்குகள்தான் முக்கியம். பிள்ளைக்கு வேறு விதத்தில் கல்வி கிடைத்திருந்தால் அபராதம் இல்லை. பள்ளியில் சொல்லித் தரும் பாடங்களைப் பிள்ளை ஏற்கெனவே கற்று முடித்திருந்தாலும் இல்லை. அதாவது, சட்டம் எழுதியவர்கள் மனதில் படிப்பு என்பது இன்னும் 'கற்று முடிக்கிற' ஒரு காரியமாக இருந்தது, 'உட்கார்ந்து முடிக்கிற' காரியமாக ஆகவில்லை. 1893-ல் ஒரு வழக்கில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. எல்லாப் பிள்ளைகளும் கல்வி பெற வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம், இன்ன வழியில்தான் பெற வேண்டும் என்பதல்ல என்றது. இந்த ஓட்டை அப்படியே எண்பது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது.

பேட்ச் முறையில் ஒரு சிக்கல் உண்டு என்பது சீக்கிரமே கணக்கில் தெரிய ஆரம்பித்தது. 1909-ல் லியோனார்ட் அய்ரஸ் என்ற புள்ளியியல்காரர் நகரப் பள்ளிகளின் பதிவேடுகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் தங்கள் வயதுக்குரிய வகுப்பில் இல்லை! அதற்குக் கீழே எங்கோ தேங்கிக் கிடந்தார்கள். அய்ரஸ் அசல் கம்பெனி கணக்கர் மாதிரியே அடுத்த கேள்விக்குப் போனார். ஒரே பாடத்தைத் திரும்ப நடத்த வருஷத்துக்கு எவ்வளவு வீண்செலவு? அவர் கணக்கில் வந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர், 1909-ம் வருஷத்து டாலரில். மூன்றில் ஒருவர் தேங்குகிறார் என்றால் அளவுகோலில் கோளாறா, பிள்ளைகளில் கோளாறா என்று கேட்பதற்குப் பதிலாக, பேட்ச்சை இன்னும் திறமையாக ஓட்டுவது எப்படி என்றுதான் பெரும்பாலோர் யோசித்தார்கள்.

யோசித்து மாற்றியவர்களும் இருந்தார்கள். மாசசூசெட்ஸிலேயே டால்டன் என்ற சிற்றூரில் 1920-ல் ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் தன் திட்டத்தை நடத்திக் காட்டினார். மாதத்துக்கு இவ்வளவு வேலை என்று பிள்ளை ஒப்பந்தம் போட்டுக் கொள்ளும், எந்த நாள் எதைச் செய்வது என்பது பிள்ளையின் இஷ்டம். இங்கிலாந்து, ஜப்பான், சோவியத் ரஷ்யா வரைக்கும் டால்டன் திட்டம் பேசப்பட்டது. சில தனியார் பள்ளிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது, பொதுப்பள்ளிகளில் கரைந்து போய்விட்டது.

இப்போது கதாநாயகன் வருகிறார். ஜான் ஹோல்ட், பிறப்பு 1923. யேல் பல்கலைக்கழகத்தில் தொழில் நிர்வாகம் படித்தவர். கல்வியியலில் ஒரு பேப்பர்கூட எழுதியதில்லை. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. 1953-ல் கொலராடோ மலைப்பகுதியில் ஒரு புதுப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தவர், சில வருஷம் கழித்து பாஸ்டன் பக்கம் வந்தார். அங்கே பில் ஹல் என்ற ஆசிரியரோடு சேர்ந்து ஐந்தாம் வகுப்பு எடுத்தார். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஹோல்ட் செய்த புரட்சி என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பின்வரிசையில்தான் தொடங்கியது. ஆசிரியர்கள் பொதுவாகப் பார்ப்பது தான் கூப்பிட்ட பிள்ளையை. ஹோல்ட் பார்த்தது கூப்பிடாத பிள்ளைகளை.

அவர் கண்டது இது. பிள்ளைகள் பாடத்தைப் பற்றி யோசிக்கவில்லை, தப்பிப்பதைப் பற்றித்தான் யோசித்தார்கள். விடை தெரியாதவன் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பான், சரியான விடையின் சாயல் இருந்தால் ஆசிரியரே பூர்த்தி செய்துகொள்வார் என்பது அவனுக்குத் தெரியும். எல்லோரும் கை தூக்கும்போது தானும் தூக்கினால் தன்னைக் கூப்பிட வாய்ப்புக் குறைவு என்று இன்னொருத்தி கண்டுபிடித்திருப்பாள். ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விடையைப் பாதி வழியில் மாற்றுகிறவர்களும் உண்டு. (நம் வைவா நினைவுக்கு வந்தால் அது தற்செயல் அல்ல.) இதெல்லாம் மக்குப் பிள்ளைகள் அல்ல, நல்ல பணக்காரப் பள்ளியில் படித்த சூட்டிகையான பிள்ளைகள். பயம்தான் அவர்களை மக்காக்கியது என்ற முடிவுக்கு ஹோல்ட் வந்தார். அந்தக் குறிப்புகளே 1964-ல் 'குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள்' என்ற புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டது. 1967-ல் 'குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள்' வந்தது. இதில் அவர் கவனித்தது பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே இருக்கிற சின்னக் குழந்தைகளை, நண்பர்கள் வீட்டுக் குழந்தைகளை. அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, சொந்தக் குழந்தையும் இல்லை. எதிர்ப்பாளர்கள் இதைச் சொல்லிக் காட்டுவது வழக்கம்.

பத்து வருஷம் அவர் பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். பிறகு நம்பிக்கை போய்விட்டது. 1970-ல் மெக்சிகோவில் இவான் இலிச்சைச் சந்தித்ததும் இதற்கு ஒரு காரணம். 1976-ல் எழுதிய புத்தகத்தில், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து தப்புவிக்க ரகசியப் பாதை ஒன்று வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து கடிதங்கள் வந்தன. நாங்கள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல்! 1977 ஆகஸ்டில் 'பள்ளியின்றி வளர்தல்' என்ற சிறுபத்திரிகையை ஹோல்ட் தொடங்கினார். அலுவலகம் பாஸ்டனில் பாயில்ஸ்டன் தெரு. டைலர் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். அதற்கு முந்தின வருஷம்தான், 1976-ல், குவின்ஸி பள்ளி தன் பழைய கட்டடத்தைக் காலி செய்துவிட்டுப் புதுக் கட்டடத்துக்குக் குடிபோயிருந்தது.

பத்திரிகையில் பெரும்பகுதி வாசகர் கடிதங்கள்தான். அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம் வாசிப்பு. சில பிள்ளைகள் நாலு வயதில் வாசிக்கின்றன, சில ஒன்பது பத்து வயது வரைக்கும் புத்தகத்தையே திரும்பிப் பார்ப்பதில்லை, பிறகு சில மாதத்தில் கடகடவென்று பிடித்துக்கொள்கின்றன. பள்ளியில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதிலேயே ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள், முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது ஹோல்ட்டின் வாதம். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'அன்ஸ்கூலிங்'. அப்போது செவன் அப் பானத்தை 'அன்கோலா' என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள், அதிலிருந்து சுட்ட பெயர் அது! தானே நாற்பது வயதை ஒட்டி செல்லோ வாசிக்கப் பழகி, அதைப் பற்றியும் 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். கற்பதற்கு வயதுக் கெடு கிடையாது என்பதற்கு அவரே சாட்சி.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்தக் கடிதங்களைச் சாம்பிளாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு செமஸ்டர் படித்தவர்கூடக் கேட்பார். பத்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளையின் அம்மா கடிதம் எழுதுவாள். பதினைந்திலும் வாசிக்காத பிள்ளையின் அம்மா எழுதுவாளா? எழுத மாட்டாள். அதனால் ஹோல்ட் சொன்னது பொய் என்றாகாது, ஆனால் பாதிக் கணக்குதான் பத்திரிகையில் வந்தது. இன்னொன்றும் உண்டு. 'சொந்த வேகம்' என்று ஹோல்ட் சொன்னதன் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசை ஹோல்ட். குழந்தை எதைத் தொடுகிறது, எதற்கு முகம் சுளிக்கிறது, எப்போது விலக வேண்டும், எப்போது புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் கவனித்தார். கெடு வைக்காமல் இருப்பதும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். பின்னால் வந்த சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்தவை.

பத்திரிகை தொடங்கிய அடுத்த வருஷமே அந்தப் பழைய சட்ட ஓட்டை சோதனைக்கு வந்தது. மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் ஒரு குடும்பம் தங்கள் எட்டு வயதுப் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைக்க அனுமதி கேட்டது. பள்ளி நிர்வாகம் மறுத்தது. வழக்கு 1978-ல் முடிந்தபோது நீதிபதி இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். பிள்ளையின் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, மற்ற பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு இல்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. ஆனால் அரசு கண்காணிக்கலாம். பெற்றோரின் தகுதி என்ன, என்ன பாடம், எத்தனை மணி நேரம், என்ன புத்தகம் என்றெல்லாம் கேட்கலாம். 1987-ல் மாநில உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே உறுதி செய்து, பிள்ளை முன்னேறுகிறதா என்று பரீட்சையாலோ வேறு வழியாலோ பார்க்கலாம் என்றது. 1998-ல் வீட்டுக்கே வந்து சோதனை போடுவேன் என்று பள்ளி நிர்வாகம் நிபந்தனை போட முடியாது என்று இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஆக, உன் வேகத்தில் போ, ஆனால் எவ்வளவு தூரம் போனாய் என்று அவ்வப்போது காட்டிவிட்டுப் போ! ஹோல்ட் இந்த 1987 தீர்ப்பைப் பார்க்கவில்லை. 1985 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். வயது 62.

அதற்குள் இயக்கம் அவர் கையை விட்டுப் போயிருந்தது. 1980-களில் வீட்டுக்கல்விக்குக் கூட்டமாக வந்தவர்கள் பெரும்பாலும் பழமைப் பிடிப்புள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களுக்குப் பிரச்னை வேகம் அல்ல, பள்ளியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதே. ரேமண்ட் மூர், டொரத்தி மூர் தம்பதி 1975-ல் எழுதிய புத்தகம், அவசரப்பட்டுப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், எட்டு முதல் பத்து வயதுவரைகூடப் பொறுக்கலாம் என்று சொன்னது. அவர்கள் பேச்சை இந்தக் குடும்பங்கள் கேட்டன. ஆனால் பல வீடுகளில் நடந்தது என்னவோ வேறு. வகுப்புவாரிப் பாடப்புத்தகம், டைம்டேபிள், சாப்பாட்டு மேசையில் குட்டிக் கரும்பலகை. குவின்ஸி பள்ளியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டெக்சாஸில் 1970-ல் தொடங்கிய ஒரு கிறிஸ்தவப் பாடத்திட்டம் தன் பயிற்சி நூல்களுக்கு 'பேஸ்' என்றே பெயர் வைத்தது. வேகம் என்று அர்த்தம் வரும்படியான சுருக்கெழுத்து. அதில் பிள்ளை தன் வேகத்தில் போகலாம் என்பது நிஜம்தான். போகிற பாதையிலிருந்து ஒரு அடி விலகத்தான் முடியாது.

ஹோல்ட்டின் வழியில் போன குடும்பங்களும் இருந்தன. அவர்களைப் போலவே வந்த ஒரு குடும்பம்தான் நாடு முழுக்கப் பேச வைத்தது. கலிபோர்னியாவில் பூன்வில் என்ற குக்கிராமம். டேவிட் கோல்ஃபாக்ஸ், மிக்கி கோல்ஃபாக்ஸ் தம்பதியின் பிள்ளைகள் மலையில் வீடு கட்டுவதிலும் ஆடு வளர்ப்பதிலும் நாளைக் கழித்தார்கள், கூடவே படித்தார்கள். மூத்தவர் கிராண்ட் 1983-ல் ஹார்வர்டில் சேர்ந்தார். அடுத்தடுத்து தம்பிகள் இரண்டு பேருக்கும் அங்கே இடம் கிடைத்தது. கிராண்ட் டாக்டரானார், 2019-ல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் பொது சுகாதார இயக்குநராகவும் ஆனார். கொரோனா வந்தபோது அந்த நகரத்தின் முகமாக இருந்தவர் அவர்தான். ஆட்டுப் பட்டியிலிருந்து ஹார்வர்டு என்ற தலைப்பு பத்திரிகைகளுக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா முன்னாள் பேராசிரியர், அம்மா முன்னாள் ஆசிரியை என்பதைச் சின்ன எழுத்தில்தான் போட்டார்கள்.

1993-க்குள் ஐம்பது மாநிலத்திலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு கடிகாரம். நியூயார்க்கில் 1988-ல் வந்த விதிப்படி காலாண்டுக்கு ஒரு அறிக்கை, வருஷத்துக்கு ஒரு மதிப்பீடு. பரீட்சை எழுதினால் குறிப்பிட்ட நிலைக்கு மேல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தின வருஷத்தைவிட ஒரு வருஷ அளவுக்கு முன்னேறியிருக்க வேண்டும். பத்து வயதில் வாசிக்கப்போகிற பிள்ளைக்கு அங்கே மூச்சு முட்டும். ஐடஹோ மாநிலத்தில் நேர்மாறு. தெரிவிக்க வேண்டியதில்லை, பரீட்சை இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஐடஹோவில் 1986-ல் பிறந்தவர் டாரா வெஸ்ட்ஓவர். ஏழு பிள்ளைகளில் கடைசி. அப்பாவுக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை கிடையாது, டாராவுக்கு ஒன்பது வயதுவரை பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை. பள்ளிக்குப் போகவில்லை, வீட்டுக்கல்வி என்று பேர். நிஜத்தில் அப்பாவின் பழைய இரும்புக் கொட்டகையில்தான் பெரும்பாலான நாள் போனது. கல்லூரியில் படித்த அண்ணன் ஒருவர் தூண்ட, நுழைவுத் தேர்வுக்கான கணக்கைத் தானே புத்தகம் வைத்துப் படித்தார். 17 வயதில் முதன்முதலாக வகுப்பறைக்குள் போனார், அதுவும் நேராகக் கல்லூரி வகுப்பறை. பாடப்புத்தகத்தில் ஹோலோகாஸ்ட் என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுந்து கேட்டார். வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று வகுப்பே நினைத்தது. யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட செய்தி நிஜமாகவே அவர் காதுக்கு வந்ததில்லை. பிறகு கேம்பிரிட்ஜில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி, 2018-ல் தன் கதையை எழுதி உலகம் முழுக்கப் பேசப்பட்டார். பெற்றோர் தரப்பு அந்தப் புத்தகத்தில் உள்ள பலவற்றை மறுத்தது. எது எப்படியிருந்தாலும், சொந்த வேகத்தில் படித்துக் கடைசியில் டாக்டர் பட்டம் வாங்கினாரே என்று இதை வெற்றிக் கதையாக எடுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அபத்தம். குழந்தையின் வேகம் என்று பேச வேண்டுமானால் முதலில் அதன் முன்னால் ஒரு பாதை இருக்க வேண்டும். அவருக்கு முன்னால் இருந்தது சுவர்.

1999-ல் அமெரிக்காவில் வீட்டில் படித்தவர்கள் சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம், நூற்றுக்கு 1.7 பேர் என்று அரசுக் கணக்கு. 2019-ல் சுமார் 15 லட்சம், நூற்றுக்கு 2.8 பேர். மெதுவாக ஏறிய கணக்கு அது. ஹோல்ட் தொடங்கிய பத்திரிகை 2001-ல் நின்று போனது.

2020-ல் கதை மறுபடியும் பாஸ்டன் பக்கமே வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜில் உள்ள ஹார்வர்டின் சட்டப் பேராசிரியை எலிசபெத் பார்த்தோலெட், வீட்டுக்கல்வியை ஏறக்குறையத் தடை செய்ய வேண்டும், விதிவிலக்கு கேட்பவர்கள்தான் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதினார். கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைக் கேட்க ஆளில்லையே என்பது அவர் வாதம். ஹார்வர்டு பத்திரிகையில் அதைப் பற்றிய கட்டுரை வெளியானபோது பார்த்து, நாட்டிலிருந்த பள்ளிகள் எல்லாம் கொரோனாவால் பூட்டிக் கிடந்தன! எதிர்ப்பு கிளம்பியது, கேலியும் கிளம்பியது. அந்த வருஷ வசந்தத்தில் மாசசூசெட்ஸில் பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நூற்றுக்கு 1.5 வீட்டில்தான் வீட்டுக்கல்வி என்று மக்கள்தொகைத் துறையின் கணக்கெடுப்பு சொன்னது. இலையுதிர் காலத்தில் புதுக் கல்வியாண்டு தொடங்கியபின், ஆன்லைன் வகுப்பில் பெயர் இருப்பவர்களைச் சேர்க்காமல் மறுபடி கேட்டார்கள். நூற்றுக்கு 12.1 வீடு.